பதினொன்றரைக்குத் திரும்பச் சொன்னவர்

தந்தி வந்தபோது நான் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். தபால்காரர் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேடேறி வரும் மனிதர். வந்ததும் தண்ணீர் கேட்பார், பிறகு முழங்கால் வலிக்குத் தைலம் கேட்பார். அன்று இரண்டையும் கேட்கவில்லை. பிரிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் நர்ஸ் சிசிலியம்மாள் அவர்கள், மதுரையில் வைத்தியம் பலிக்காமல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலமானார்கள். அடக்கமும் அங்கேயே நடந்துவிட்டது.

கையிலிருந்த குவளையில் எவ்வளவு ஊற்றினேன் என்பது மறந்துபோயிற்று. கொட்டிவிட்டு முதலிலிருந்து அளந்தேன். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

பங்குச் சாமியார் என்னை அழைத்து, "அம்மாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதும் அருளப்பன். கூட வேலை பார்த்தவர் நீர்தானே" என்றார். நாலு வார்த்தையில் அடங்கக்கூடிய ஆள் அல்ல அவர். தவிரவும், அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் குற்றம் ஒன்றும் கூடவே வந்து உட்காருகிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுத எனக்கு வழி தெரியவில்லை. எனவே இரண்டையும் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ளட்டும். அறியாதவர்கள், இப்படி ஒருவர் இந்த மலையில் இருந்தார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

மூன்றரை வருஷத்துக்கு முன்பு, ஒரு மழை நாளில், தகரப் பெட்டியும் கறுப்புக் குடையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார். வெளிநாட்டில் படித்த நர்ஸ் வருகிறார் என்று சொல்லியிருந்ததால் நான் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து காத்திருந்தேன். வந்தவரோ ஒல்லியாக, குள்ளமாக, நாற்பதைத் தொட்ட வயதில், சேற்றில் நனைந்த சேலையோடு இருந்தார். மார்பில் ஒரு சின்னக் கடிகாரம் தலைகீழாகத் தொங்கிற்று. நர்ஸ் குனிந்து பார்த்தால் அவருக்கு நேராகத் தெரிவதற்காக அப்படி. மருந்து அலமாரியைப் பார்ப்பார், சாவி கேட்பார் என்று நான் நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று கேட்ட முதல் கேள்வி இது:

"கம்பவுண்டர் ஐயா, இங்கே மஞ்சு எத்தனை மணிக்கு வரும்?"

இந்தப் பக்கத்தில் மலை மூடுபனியை மஞ்சு என்போம். அது எத்தனை மணிக்கு வரும் என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"அது வரும்போது வரும்மா" என்றேன்.

"வரும்போது வருதுன்னா, வந்த நேரம்னு ஒன்னு இருக்கும்ல? நாளைலேருந்து அதை எழுதி வையுங்க."

மறுநாள் ஜன்னலோரம் ஓர் ஆணியில் நோட்டுப் புத்தகம் ஒன்று தொங்கியது. எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரம் கண்ணுக்கு மறைந்தால் மஞ்சு வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும், உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுத வேண்டும். இப்படி ஒரு வேலை என் தலையில் ஏறியது. மாத்திரை எண்ணவே நேரமில்லாதவனுக்கு இது எதற்கு என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கும். காதில் விழுந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

அந்த நோட்டுக்கான காரணம் அயர்லாந்தில் இருந்தது. மதுரைப் பக்கத்து வறண்ட ஊரில், மாட்டுவண்டி ஓட்டுபவரின் மகளாகப் பிறந்தவர் அவர். அங்கே ஆஸ்பத்திரி நடத்திய வெள்ளைக்கார மடத்துச் சகோதரிகள் இவருடைய கைத்திறனைக் கண்டு, பிரசவ வைத்தியம் படித்துவரத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள். கப்பல் ஏறும் வரைக்கும் கடலையே கண்ணால் பார்த்ததில்லையாம். "ஏதோ சீமைக்குப் போய் வந்தீர்கள், இங்கிலாந்தா அயர்லாந்தா, எல்லாம் ஒன்றுதானே" என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள், "அவங்களும் நம்மள மாதிரி இங்கிலீஷ்கார ஆட்சிய விரட்டினவங்க. இனிமே மாத்திச் சொல்லாதீங்க" என்று கண்டித்தார். அதன்பின் நான் மாற்றிச் சொல்லவில்லை.

அவர் படித்த ஊர் அந்த நாட்டின் மேற்குக் கரையில், ஒருபுறம் செங்குத்தான பாறையும் மறுபுறம் நீண்ட மணலுமாக இருந்ததாம். சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி மணி அடித்தால் படிக்கும் பெண்கள் எல்லாரும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றிக்கொள்வார்கள். டீயைப் போத்தலில் ஊற்றி, சூடு ஆறாமல் இருக்கப் பழைய கம்பளிக் காலுறைக்குள் நுழைத்துக்கொள்வார்கள். பிறகு நடைதான். பாறை விளிம்பில் ஐந்தாறு மைல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மறுபடியும். எங்கே போகிறோம் என்று கேட்டால், "அந்த மூலை வரைக்கும்" என்பார்களாம். அந்த மூலைக்குப் போனால் அதற்கப்பால் இன்னொரு மூலை தெரியுமாம். மழைக்குப் பயந்தால் நடக்குமா என்று நான் கேட்டதற்கு, "அந்த ஊர்ல மழை நிக்கட்டும்னு காத்திருந்தா ஒரு கல்யாணங்கூட நடக்காது" என்றார். அங்கேதான் நீச்சலும் கற்றிருக்கிறார். இரவல் உடுப்பில் அந்தக் குளிர்ந்த கடலில் இறங்கி, விறைத்துப் போன கட்டையாக வெளியே வந்ததை அவர் சொல்லும்போது நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

அந்தக் கடல்தான் அவருக்குக் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு. கடல் வற்றும் நேரத்தில் மணலிலேயே நடந்து போய்விடலாம். தண்ணீர் ஏறிவிட்டால் வழி மறைந்துவிடும். இவரும் இரண்டு தோழிகளும் நேரம் விசாரிக்காமல் போய், கடல்நாய்கள் பாறையில் வெயில் காய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் மணலே இல்லை. மீன்பிடிக்கிற கிழவர் ஒருவர் படகில் வந்து ஏற்றிக்கொண்டு, கரை சேரும் வரை திட்டியிருக்கிறார். அந்தத் திட்டை நர்ஸம்மா தமிழில் சொல்வது இப்படி: "போற நேரம் நம்ம கையில. திரும்புற நேரம் கடல் கையில."

எங்கள் மலையில் கடல் ஏது? ஆனால் மஞ்சு இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்குகளை அது நிரப்பிக்கொண்டு ஏறி வரும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். அதனால்தான் வந்த முதல் நாளே அதன் நேரத்தைக் கேட்டார்.

வந்த சில மாதங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை எல்லாம் சுற்றிவிட்டு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பத்து வருஷமா மலைல இருக்குற பொம்பளைங்க. இவங்க பார்த்தது கொழுந்துக் காடும் லயமும்தான். மலைய யாரும் பார்க்கல." ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களை அழைத்துக்கொண்டு நடக்கப் போவதாக அறிவித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு நாள் மலைச்சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு ஏழாம் நாளும் மலையேற்றமா என்று கேட்டேன். "அது வேலை. இது நடை. ரெண்டுக்கும் காலுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார்.

தோட்ட வேலையை மேற்பார்வை செய்யும் கண்டக்டருக்கு வேறு சந்தேகம். பெண்கள் கூட்டமாக எஸ்டேட் எல்லையைத் தாண்டினால் அது தொழிற்சங்கக் கூட்டத்துக்குத்தான் என்று எஸ்டேட் மேனேஜர் துரையிடம் ஓதிவிட்டார். துரை நர்ஸம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். சாட்சிக்கு நானும் போனேன்.

"ஞாயித்துக்கிழமை பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு என்ன செய்யப் போறே?" என்று துரை தமக்குத் தெரிந்த எஸ்டேட் தமிழில் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க என்ன செய்றீங்க துரை?"

"மீன் பிடிக்கப் போறேன்."

"எத்தனை மீன் கிடைக்கும்?"

துரை சற்று யோசித்து, "அநேகமாக் கிடைக்காது" என்றார்.

"எங்களுக்கும் ஒன்னும் கிடைக்காது துரை. போயிட்டு வருவோம். அவ்வளவுதான்."

துரை சிரித்துவிட்டார். ஆனால் நிபந்தனை போட்டார். நான்கு மணிக்குள் அனைவரும் திரும்ப வேண்டும். பொறுப்புக்கு ஓர் ஆண் துணை போக வேண்டும். அந்த ஆண் துணை யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. டீ வாளியையும் முதலுதவிப் பையையும் தூக்கிக்கொண்டு, பன்னிரண்டு பெண்களுக்குப் பின்னால், மூச்சு வாங்க ஏறியவன் அடியேன்தான்.

சாமியார் பூசைக்கு வரும் ஞாயிறு நீங்கலாக, மழை மாதங்கள் நீங்கலாக, எல்லா ஞாயிறும் போனோம். வருஷத்துக்கு ஒருமுறை சனிக்கிழமையே கிளம்பி மறையூருக்கு பஸ்ஸில் போய், பள்ளிக்கூடக் கொட்டகையில் தங்கினோம். கரும்புச் சாறு கொதிக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று சூடு வெல்லம் தின்றுவிட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, பெண்கள் எல்லாரும் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிர்க்கரை வரை நீந்திப் போய்த் திரும்பினார். கரையில் வெல்லப் பொட்டலங்களுக்குக் காவல் இருந்த நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டேன்.

நடைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. முதல் நாள் மாலை ஆஸ்பத்திரியைப் பூட்டும் முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து நேரம் திருத்துவார். பிறகு நோட்டைப் புரட்டி, அந்தப் பருவத்தில் மஞ்சு எப்போது வருகிறது என்று பார்த்துத் திரும்பும் நேரத்தை முடிவு செய்வார். தூர நடை என்றால் அது பதினொன்றரை. பதினொன்றரை ஆனால் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். "கால் வலிச்சா உக்காரலாம். பயந்தா நிக்கலாம். நேரமானாத் திரும்பணும்" என்பார். ஒருமுறை டீயைக் குவளையில் ஊற்றிவிட்டோம், வாயில் வைக்கவில்லை, பதினொன்றரை ஆகிவிட்டது. நடந்துகொண்டே குடித்தோம். அதாவது பாதியைக் குடித்தோம், மீதி என் வேட்டியில்.

இனி மரியபுஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் டிவிஷனில் கொழுந்தெடுப்பவர். முப்பது வயது இருக்கும். கிழக்கே, மலை முடியும் விளிம்புக்கு நேர் கீழே, அடிவாரத்தில் அவருடைய ஊர். வீட்டார் விரும்பாத பையனைக் கட்டிக்கொண்டு, கழுதைப் பாதை வழியாக நடந்தே மலையேறி வந்தவர். "இனி இந்த ஊர் மண்ணில் கால் வைக்காதே" என்று தகப்பனார் சொல்லி அனுப்பியிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இவரும் வைக்கவில்லை. தாயார் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் அவ்வப்போது யார் மூலமாவது தெரியும்.

முதல் நடையிலேயே அவர் நர்ஸம்மாவிடம் கேட்டார்: "கிழக்கு விளிம்புல நின்னா எங்க ஊரு தெரியுமாம்ல, அம்மா? பாறை மேல வெள்ளையா ஒரு கோயிலு, பக்கத்துல கண்மாயி."

"அப்பா வரக்கூடாதுன்னாரே?"

"கால்தான வைக்கக் கூடாதுன்னாரு. பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

நர்ஸம்மா கொஞ்ச தூரம் நடந்தார். அவர் அயர்லாந்தில் இருந்தபோது இங்கே அவருடைய தாயார் இறந்து, அந்தச் செய்தி கடிதமாகப் போய்ச் சேர ஏழு வாரம் ஆனது எனக்குத் தெரியும். கடிதம் வந்த அன்று பாறை விளிம்பில் போய் நின்று கடலைப் பார்த்தாராம். "எந்தப் பக்கம் பார்க்கணும்னே தெரியல, கம்பவுண்டர் ஐயா" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். அன்று அவர் திரும்பி நின்று மரியபுஷ்பத்திடம் சொன்னார்: "உனக்கு எந்தப் பக்கம் பார்க்கணும்னு தெரியுது. நான் கொண்டுபோய் நிறுத்துறேன்."

சொல்லுவது எளிது. கிழக்கு விளிம்பு எங்கள் நடைகளிலேயே தூரமானது. முதல் முறை ஓடையில் தண்ணீர் அதிகம். சுற்றிப் போனதில் பதினொன்றரை ஆகிவிட்டது, திரும்பினோம். இரண்டாம் முறை காட்டுப்போத்து, அதாவது காட்டெருமைக் கூட்டம் ஒன்று வழியில் நின்றுகொண்டு, நாங்கள் யார் என்று விசாரிப்பதுபோல் பார்த்தது. காத்திருந்து, திரும்பினோம். மூன்றாம் முறை எல்லாம் சரியாக நடந்தது. காட்டைத் தாண்டிப் புல்சரிவுக்கு வந்துவிட்டோம். மேலே வானம்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் சமவெளி. இன்னும் கால் மணி நேரம் நடந்தால் போதும். நர்ஸம்மா குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்றரை. திரும்பலாம்."

"அம்மா, அதோ தெரியுது பாருங்க விளிம்பு" என்றேன் நான்.

"தெரியுது. அது அங்கேயேதான் இருக்கும். வாங்க."

மரியபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வழி நெடுக மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினேன். அன்று மஞ்சு ஒரு மணிக்குத்தான் வந்தது. வெற்றி பெற்றவனைப் போல அதை நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

இங்கேதான் என் குற்றம் வருகிறது. திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாகத் தூங்கப் போய்க் கேரளக்காரர்களாக எழுந்தோமே, அதற்கு அடுத்த ஜனவரி. நான்காம் முறை விளிம்புக்குப் போக நாள் குறித்தாயிற்று. சனிக்கிழமை மாலை ஃபாக்டரிச் சங்கு ஊதி ஓய்ந்தது. நர்ஸம்மா ஊசி போட லயத்துக்குப் போயிருந்தார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை அரை மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தேன். அவர் வந்து, வழக்கம்போல அதைப் பார்த்துத் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். அரை மணி நேரத்தில் மலையா முழுகிப் போகும் என்பது என் எண்ணம். ஒரு பெண்ணுக்குத் தாய் வீட்டைக் காட்டும் புண்ணிய காரியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விளிம்பை அடைந்தோம். நர்ஸம்மாவின் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தெட்டு. உண்மையில் பன்னிரண்டாக இரண்டே நிமிஷம். மரியபுஷ்பம் ஓடிப் போய் விளிம்பில் நின்றார். நின்ற அந்த வேளையில் கீழேயிருந்து மஞ்சு ஏறி வந்தது. அவர் பார்த்தது வெள்ளையைத் தவிர வேறொன்றுமில்லை. சிறிது நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியவில்லை. ஒருவர் முந்தானையை மற்றவர் பிடித்துக்கொண்டு, நர்ஸம்மா முன்னால் காலால் தரையைத் தடவித் தடவிப் பார்த்து இறங்க, அந்தப் புல்சரிவைக் கடக்க எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ராசாத்தி என்ற பெண் வழுக்கி விழுந்து முன்கையை முறித்துக்கொண்டார். நர்ஸம்மா தம்முடைய கறுப்புக் குடையின் கம்பை உடைத்து வைத்து, தலைத்துணியால் கட்டினார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி ஆறு. துரை லாந்தர்களோடு ஆள் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தார். நடை அன்றோடு நின்றது. "நேரம் யார் பாத்தது?" என்று துரை கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது மெய், சத்தம் வரவில்லை.

"நேரம் நான்தான் பார்த்தேன் துரை. பொறுப்பும் என்னுதுதான்" என்றார் நர்ஸம்மா.

அன்று இரவுக்குள் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டேன். ராசாத்தி ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. நர்ஸம்மா கணக்குத் தப்பிவிட்டார் என்று லயத்தில் பேசினார்கள். கண்டக்டர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் அந்தப் பேச்சு நடந்த இடங்களில் நின்றிருக்கிறேன். இன்று சொல்வேன், நாளை சொல்வேன் என்று ஒரு வருஷம் ஓடியது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒருபுறம். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற வெட்கம் மறுபுறம். அவர் மட்டும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை துரையிடம் போய், நடைக்கு மறுபடி அனுமதி கேட்டுவந்தார். மூன்று முறை மறுத்தார்கள். "நாலாவது முறை கேப்பேன்" என்றார்.

வயிற்றில் கட்டி என்று அவருக்கு எப்போது தெரியும் என்று எனக்குத் தெரியாது. கிறிஸ்மஸுக்கு மறுநாள் மதுரைக்குக் கிளம்பும்போதுதான் சொன்னார். மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டு மார்பிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவர் ரவிக்கையில் குத்தினார்.

"எனக்கு மணி பாக்கத் தெரியாதேம்மா" என்றார் மரியபுஷ்பம்.

"ஒரு மணி தெரிஞ்சாப் போதும். பெரிய முள்ளு ஆறுல நிக்கும். சின்ன முள்ளு பதினொன்னுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல நிக்கும். அப்பத் திரும்பணும். நான் வரலேன்னாலும் போகணும்."

என்னிடம் சொன்னது இரண்டே வார்த்தை: "நோட்ட விட்டுறாதீங்க." பஸ் திரும்பி மறையும் வரை நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.

தந்தி வந்த அன்று மஞ்சு பன்னிரண்டே காலுக்கு வந்தது. எழுத நோட்டைத் திறந்தவன், என்ன தோன்றியதோ, பின்னால் புரட்டினேன். போன ஜனவரியின் அந்த ஞாயிறு. அதைப் பார்க்கக் கூசி, அதன்பின் நான் புதுப் பக்கத்தில் தொடங்கியிருந்தேன். அவர் கையெழுத்தில், "மஞ்சு: பதினொன்றரை. விளிம்பில்" என்று இருந்தது. அதற்குக் கீழே, திங்கட்கிழமை தேதியிட்டு, வேறு மையில் ஒரு வரி: "காலைச் சங்கு ஊதும்போது என் கடிகாரம் அரை மணி பின்னால். சுவர்க் கடிகாரம் சரியாக இருக்கிறது. ஆகவே நேற்று மஞ்சு வந்தது பன்னிரண்டுக்கு."

அவ்வளவுதான். யார் என்று எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்டூல் ஏறக்கூடியவர்கள் நாங்கள் இருவர்தான். ஒரு வருஷம் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்து, ஒரே கெட்டில் டீ குடித்து, துரையிடம் மூன்று முறை தலைகுனிந்து நின்று, அவர் அதைச் சொல்லவே இல்லை. மருந்து அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். ஐம்பது வயது ஆள் அழுவதைப் பார்த்த நோயாளிகள் வரிசையைவிட்டு வெளியே போய் நின்றார்கள்.

மூன்றாம் நாள் ஜெபத்துக்கு எல்லாரும் கோயிலில் கூடியபோது எழுந்து நின்று சொன்னேன். கடிகாரம், ஸ்டூல், அரை மணி நேரம், எல்லாம். ராசாத்தியைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தேன்.

"என் கையெலும்பு எப்பவோ கூடிருச்சு" என்றார் ராசாத்தி. "அவுகள இனிமே யாரும் கணக்குத் தப்பிட்டாகன்னு சொல்லப்படாது. அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

அந்தப் பொறுப்போடு துரையிடம் போனேன். வேலையை எடுத்துக்கொண்டாலும் சரி, நர்ஸம்மா கேட்ட நான்காவது முறையை நான் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். நல்ல வார்த்தைகளாகச் சில சொன்னார். அவற்றை இங்கே எழுத முடியாது. எல்லாம் எனக்குத் தகும். கடைசியில், "நாலு மணிக்கு நான் பேர் பதியிற செக்ரோல் கொட்டகை வாசல்ல நிப்பேன்" என்றார்.

சென்ற ஞாயிறு போனோம். அதே பன்னிரண்டு பெண்கள், டீ வாளியோடு நான். முன்னால் மரியபுஷ்பம். ஓடையில் தண்ணீர் குறைவு. காட்டில் யாரும் உட்காரவில்லை. புல்சரிவில் என் மூச்சு இரைந்ததைத் தவிர வேறு சத்தம் இல்லை. பதினொன்று பத்துக்கு விளிம்பில் நின்றோம்.

கீழே சமவெளி முழுவதும் வெயில். தென்னந்தோப்பு, சிவப்பு மண், கோடுகோடாகப் பாதை. கண்மாய் மின்னியது. அதன் பக்கத்தில் பாறைமேல், சோற்றுப் பருக்கை அளவுக்கு, வெள்ளையாக ஒன்று. மரியபுஷ்பம் கையை நீட்டிக் காட்டவில்லை, அழவும் இல்லை. விளிம்புக்கு இரண்டடி இப்பால், இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார்.

"கால் வைக்கலைப்பா" என்றார், கீழே இருக்கும் தகப்பனாரிடம். "இங்ஙனதான் நிக்கேன்."

பூசை முடிந்து தம் தாயார் கண்மாய்க் கரையில் துணி துவைக்கும் நேரம் இது என்று பிறகு சொன்னார். அவ்வளவு உயரத்திலிருந்து ஆள் தெரியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் குவளையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

எவரும் கேட்காமல் அவரே குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய முள் ஆறில் நின்றது.

"நேரமாச்சு. வாங்க."

"இன்னுங் கொஞ்சம் பாரேன்டி. மஞ்சே காணோமே" என்றார் ராசாத்தி.

"ஊரு அங்கேயேதான் இருக்கும்." மரியபுஷ்பம் திரும்பிவிட்டார். என் பக்கம் வந்ததும் நின்றார். "ஏன் கம்பவுண்டரய்யா, நேத்து சாயங்காலம் கடிகாரத்துல கையக் கிய வச்சீங்களா?"

"இல்லை தாயி."

"அப்பச் சரி."

முதலில் சிரித்தது ராசாத்தி. பிறகு எல்லாரும் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சரிவை இறங்கி, காட்டைக் கடந்து, ஓடைக்கு வந்து குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் திரும்பிப் பார்த்தால் விளிம்பு மறைந்திருந்தது. மூன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் நின்ற துரை தொப்பியைக் கழற்றினார். அது எங்களுக்காக அல்ல என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போய் நோட்டை எடுத்து எழுதினேன். அதையே இங்கும் எழுதுகிறேன், நர்ஸம்மா. மஞ்சு வந்தது பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு. சுவர்க் கடிகாரம் சரி. பதின்மூன்று பேர் போனோம், பதின்மூன்று பேரும் திரும்பினோம். அடுத்த ஞாயிறும் போவோம். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.